வர்ஜீனியா 2027: கன்சர்வேட்டிவ் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2027 நவம்பர் 2, செவ்வாய்க்கிழமை. வர்ஜீனியா சட்டமன்றத்தின் இரண்டு அவைகளான செனட்டின் 40 இடங்களுக்கும் ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸின் 100 இடங்களுக்கும் அன்றைக்குத் தேர்தல். பல கவுண்டிகளில் கவுண்டியை நிர்வகிக்கும் சூப்பர்வைசர்களையும் பள்ளி வாரியத்தையும் தேர்ந்தெடுப்பதும் அதே நாளில்தான். லவுடன், ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போதும் பொங்கல் விருந்துப் பந்தியிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ரிபப்ளிகன் பக்கம் ஓட்டுப் போடுகிறவன், அந்தப் பக்கத்துக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் பதிவு, அடையாள அட்டை, தேதி பற்றிச் சொல்லியிருப்பதெல்லாம் எந்தக் கட்சிக்காரருக்கும் பயன்படும். தேர்தல் சட்டம் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கொஞ்சம் மாறும் என்பதால், கிளம்பும் முன் மாநிலத் தேர்தல் துறையின் இணையதளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதிபர் தேர்தல் 2028இல்தானே? அதற்குள் என்ன அவசரம்?

நம் பக்கம் தோற்பதே இந்தக் கேள்வியால்தான். வர்ஜீனியாவில் ஒற்றைப்படை ஆண்டுகள்தான் மாநிலத்துக்கு உரியவை. அதிபர் தேர்தல் நடந்த 2024இல் பதிவு செய்த வாக்காளர்களில் பத்துக்கு ஏழு பேர் ஓட்டுப் போட்டார்கள். சட்டமன்றத்துக்கு மட்டும் தேர்தல் நடந்த 2023இல் வந்தது ஏறத்தாழ நாலு பேர். மீதி மூன்று பேரில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை டிரம்புக்கோ வேறொருவருக்கோ ஓட்டுப் போட்டுவிட்டு, நடுவில் மூன்று நவம்பர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

ஆனால் நம் வீட்டை நேரடியாகத் தொடுவது மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் எழுதப்படும் சட்டங்கள்தான். பள்ளிக்கூடம், கார் வரி, மின்கட்டணம், தண்டனைச் சட்டம், கருக்கலைப்புச் சட்டம் எல்லாம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. 2019 நவம்பரில் டெமாக்ரட் கட்சி இரண்டு அவைகளையும் பிடித்தது. 2020இல் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாள அட்டை கட்டாயம் என்ற விதி போனது. 2021இல் மரண தண்டனை ஒழிந்தது, அதே ஆண்டு ஜூலை முதல் கஞ்சா வைத்திருப்பது சட்டப்படி சரியானது. இவற்றில் சிலவற்றை நீங்கள் ஆதரிக்கலாம், சிலவற்றை எதிர்க்கலாம். இவை எல்லாவற்றையும் தீர்மானித்தது அதிபர் தேர்தலே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை என்பதுதான் நான் சொல்ல வருவது.

2025இல் அப்படித் தோற்றோமே. இனி என்ன இருக்கிறது?

அடி பலமானது, அதை மறைக்க மாட்டேன். டெமாக்ரட் ஆபிகேல் ஸ்பான்பெர்கர் சுமார் 15 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஆளுநரானார். ஹவுஸில் ரிபப்ளிகன்களுக்கு மிஞ்சியது 36 இடங்கள், எதிர்ப்பக்கம் 64. அங்கே பெரும்பான்மை பிடிக்க 15 இடங்கள் கூடுதலாக வேண்டும். ஒரே தேர்தலில் அது நடக்கும் என்று உங்களுக்கு ஆசை காட்ட நான் தயாராக இல்லை.

செனட் கதை வேறு. 2023இல் தேர்ந்தெடுக்கப்பட்ட செனட் 21க்கு 19 என்று நிற்கிறது, 2025 அலை அதைத் தொடவில்லை. 2027இல் ஒரே ஓர் இடம் மாறினால் 20க்கு 20. அப்போது சமன் உடைக்கும் ஓட்டு துணை ஆளுநர் கசாலா ஹாஷ்மியிடம் இருக்கும், அவர் டெமாக்ரட். ஆகவே ஒன்று போதாது, இரண்டு இடங்கள் மாற வேண்டும். மாநிலத்தின் போக்கையே மாற்ற இரண்டு செனட் தொகுதிகள் போதும் என்ற நிலை அடிக்கடி வராது.

ஒரு ஓட்டில் என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு நான் 2017ஐ நினைவூட்டுவேன். நியூபோர்ட் நியூஸ் பக்கம் 94ஆம் தொகுதியில் ரிபப்ளிகன் டேவிட் யான்சிக்கும் டெமாக்ரட் ஷெல்லி சைமண்ட்ஸுக்கும் போட்டி. முதல் எண்ணிக்கையில் யான்சி பத்து ஓட்டு முன்னே. மறு எண்ணிக்கையில் சைமண்ட்ஸ் ஒரே ஓட்டில் முன்னே. பிறகு சர்ச்சைக்குரிய ஒரு சீட்டை நீதிபதிகள் யான்சிக்குச் சேர்த்ததும் ஆளுக்கு 11,608. 2018 ஜனவரி 4 அன்று இரண்டு பெயர்களையும் எழுதி ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டு எடுத்தார்கள். யான்சி பெயர் வந்தது, ஹவுஸ் 51க்கு 49 என்று ரிபப்ளிகன் கையில் தங்கியது. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூரில் ஓலையைக் குடத்தில் போட்டு எடுத்த பரம்பரை நாம். அங்கே அதுவேதான் முறை. இங்கே அது கடைசி வழி, வீட்டிலிருந்து ஓர் ஆள் கூடுதலாக வந்திருந்தால் அதற்குத் தேவையே இருந்திருக்காது.

எங்கள் கவுண்டியில் எப்படியும் டெமாக்ரட்தானே ஜெயிக்கிறார்கள்?

லவுடனில் 2020இல் பைடன் சுமார் 25 புள்ளியில் முன்னே இருந்தார். அடுத்த ஆண்டே ஆளுநர் தேர்தலில் அந்த வித்தியாசம் 11 புள்ளியாகக் குறைந்தது. கவுண்டியில் தோற்றோம், ஆனால் ரிபப்ளிகன் கிளென் யங்கின் மாநிலம் முழுவதும் 63 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். லவுடனில் பள்ளிகள் பற்றிக் கொதித்துப்போன பெற்றோர் வெளியே வந்ததும் அதற்கு ஒரு காரணம். தோற்கும் இடத்தில் குறைவாகத் தோற்பது மாநில அளவில் வெற்றிக்குச் சமம். சட்டமன்றத் தொகுதிகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அங்கே தொகுதிக்குள் ஜெயித்தாக வேண்டும். ஆனால் கவுண்டி என்பது ஒரே தொகுதி இல்லை. லவுடனின் மேற்குப் பக்கமும் ஆஷ்பர்னும் ஒரே மாதிரி ஓட்டுப் போடுவதில்லை.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. என்னையும் கன்சர்வேட்டிவ் என்பீர்களா?

'பழமைவாதி' என்று தமிழில் சொன்னால் அது வசவாகவே காதில் விழுகிறது. அதனால்தான் இங்கே ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டேன். வருமானத்துக்குள் செலவு செய்கிற அரசு வேண்டும், பிள்ளை வளர்ப்பில் கடைசி வார்த்தை பெற்றோருடையதாக இருக்க வேண்டும், உழைத்துப் படித்த பிள்ளைக்கு அந்த உழைப்புக்கான இடம் கிடைக்க வேண்டும், தெருவில் பயமில்லாமல் நடக்க வேண்டும், கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் மசூதிக்கும் அரசு குறுக்கே வரக்கூடாது. இதில் பெரும்பகுதிக்கு நீங்கள் தலையாட்டினால் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு இடம் உண்டு. வர்ஜீனியாவில் வாக்காளர் பதிவில் கட்சி கேட்கவே மாட்டார்கள், உங்களுக்கு முத்திரை எதுவும் விழாது.

கிரீன் கார்டு இருக்கிறது, வரி கட்டுகிறேன். மாநிலத் தேர்தலில் மட்டுமாவது ஓட்டுப் போடலாமா?

கூடவே கூடாது. வர்ஜீனியாவில் எந்தத் தேர்தலாக இருந்தாலும் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு. ஹெச்-1பி, கிரீன் கார்டு, எல்லாருக்கும் இதே பதில்தான். தெரியாமல் பதிவு செய்துவிட்டால்கூடப் பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் சிக்கல் வரும். 'எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா' என்று அந்தப் படிவத்திலேயே கேட்கிறார்கள். குற்ற வழக்கு, நாடு கடத்தல் வரை போகக்கூடிய விஷயம் இது.

கவனமாக இருக்க வேண்டிய இடம் டிரைவிங் லைசென்ஸ் தரும் அலுவலகமான டிஎம்வி. லைசென்ஸ் எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் குடிமகனா என்ற கேள்வி திரையில் வரும், ஆம் என்றால் வாக்காளர் பதிவும் கூடவே நடந்துவிடும். அவசரத்தில் கை தவறி அழுத்திவிடாதீர்கள். ஓட்டு இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. பிரசாரக் கூட்டத்துக்குப் போகலாம், வீடு வீடாகக் கதவு தட்டலாம், சம்பளம் இல்லாத தொண்டராக உழைக்கலாம். நன்கொடை கிரீன் கார்டுக்காரர்கள் தரலாம், ஹெச்-1பியில் இருப்பவர்கள் தரக்கூடாது.

போன வருஷம்தான் சிட்டிசன் ஆனேன். என் பெயர் பட்டியலில் இருக்குமா?

இருக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். புதுக் குடிமக்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும், காரணமும் சொல்கிறேன். 2024 ஆகஸ்டில் ஆளுநர் யங்கின் போட்ட உத்தரவின் பேரில், டிஎம்வி பதிவில் குடிமகன் இல்லை என்று இருந்த 1,600க்கும் மேற்பட்ட பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கீழ் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அக்டோபர் 30 அன்று அந்தத் தடை நிறுத்திவைக்கப்பட்டது, நீக்கம் தொடர வழி கிடைத்தது. குடிமகன் இல்லாதவர் பட்டியலில் இருக்கக்கூடாது என்ற நோக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் படிவத்தில் கட்டத்தைத் தவறாக நிரப்பிய உண்மையான குடிமக்கள் சிலரும் அதில் மாட்டினார்கள். டிஎம்வி கோப்பில் நீங்கள் இன்னும் பழைய கிரீன் கார்டுக்காரராகவே இருக்கலாம்.

சத்தியப் பிரமாணம் எடுத்த சான்றிதழ் கையில் வந்ததும் முதலில் டிஎம்வியில் விவரத்தைத் திருத்துங்கள். அப்புறம் தேர்தல் துறை இணையதளத்தில் குடிமக்கள் பக்கத்துக்குள் போய், பெயர், முகவரி, தொகுதி மூன்றும் சரியா என்று பாருங்கள். வீடு மாறியவர்களும் இதையே செய்ய வேண்டும். ஆல்டியிலிருந்து லீஸ்பர்குக்குப் போனால் தொகுதியே மாறிவிடலாம். ஆகஸ்டில் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை இது, நவம்பர் 2 மாலை ஆறரை மணிக்கு ஒரு தலைவலி.

என்ன அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும்?

வர்ஜீனியா டிரைவிங் லைசென்ஸ் போதும், காலாவதியாகியிருந்தாலும் ஏற்பார்கள். பாஸ்போர்ட், வேலை செய்யும் இடத்தின் அட்டை, கல்லூரி அட்டையும் செல்லும். பெயரும் முகவரியும் உள்ள சமீபத்திய மின்கட்டண ரசீதோ வங்கி அறிக்கையோகூடப் போதும். எதுவுமே இல்லாவிட்டால் நான்தான் இன்னார் என்று உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு ஓட்டுப் போடலாம். புகைப்பட அட்டை கட்டாயமாக இருந்த காலமே சரி என்று நினைக்கிறவன் நான். அந்த விதியைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால், இன்றிருக்கும் விதிப்படி ஓட்டுப் போட்டு ஜெயிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முன்கூட்டியே ஓட்டுப் போட்டால் அது எண்ணப்படுமா? தேர்தல் நாளன்று போடுவதுதானே பாதுகாப்பு?

இந்த எண்ணம் நமக்குச் செய்த சேதத்தைப் போல எதிர்க்கட்சிகூடச் செய்ததில்லை. முன்கூட்டியே நேரில் போய் ஓட்டுப் போடும்போது நடப்பது இதுதான். வாக்காளர் பதிவைக் கவனிக்கும் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்திலோ கவுண்டி திறந்திருக்கும் வேறு மையத்திலோ பெயரைச் சரிபார்த்து ஒரு காகிதச் சீட்டைத் தருவார்கள். பேனாவால் வட்டத்தை நிரப்பி, நீங்களே அதை ஸ்கேனர் இயந்திரத்தில் செலுத்துவீர்கள். நவம்பர் 2 அன்று செய்வதும் அச்சாக இதையேதான். தொடுதிரை இயந்திரங்களை வர்ஜீனியா 2017இலேயே விலக்கிவிட்டது. மாநிலம் முழுவதும் காகிதம்தான், திரும்ப எண்ண வேண்டுமானால் எடுத்து எண்ண அந்தச் சீட்டு இருக்கும்.

கால அளவு 45 நாள். செப்டம்பர் மூன்றாம் வாரம் தொடங்கி, தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை, அதாவது அக்டோபர் 30 மாலை 5 மணிக்கு முடியும். நவராத்திரி கொலுவுக்குப் பொருள் வாங்கப் போகிற வாரத்திலேயே ஓட்டையும் போட்டுவிட்டு வரலாம்.

எதிரணி 45 நாள் தேர்தல் நடத்துகிறது, நாம் ஒரே நாள் நடத்துகிறோம். அந்த ஒரு நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம், டல்லஸ் டோல் ரோட்டில் விபத்து நடந்து வண்டிகள் நகராமல் நிற்கலாம், அலுவலகத்தில் இரவு ஏழு வரை கூட்டம் இழுக்கலாம். எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. ஒரு தேர்தல் நாள் மாலை வேலையிலிருந்து கிளம்பி, ரூட் 28இல் மாட்டிக்கொண்டு, வாக்குச்சாவடி வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி 7:04. கதவு சாத்தியாகிவிட்டது. அன்றிலிருந்து நானும் மனைவியும் முதல் வாரத்திலேயே போட்டுவிடுகிறோம்.

இதில் இன்னொரு பலனும் உண்டு. நீங்கள் போட்டுவிட்ட செய்தி (யாருக்குப் போட்டீர்கள் என்பது அல்ல, போட்டுவிட்டீர்கள் என்பது மட்டும்) பிரசாரக் குழுக்களுக்குத் தெரியவரும். உங்கள் கதவைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, இன்னும் போடாத அடுத்த வீட்டுக்குப் போவார்கள். யங்கினே 2023இல் ரிபப்ளிகன்களை முன்கூட்டியே ஓட்டுப் போடச் சொல்லி மாநிலம் முழுக்கப் பிரசாரம் செய்தார். அந்த முறை நூலிழையில் தோற்றோம், ஆனால் சொன்னது சரியான ஆலோசனைதான்.

அப்படியானால் மோசடியே நடக்காது என்கிறீர்களா?

மனிதர் நடத்தும் எதிலும் தவறு நடக்கும். அதைத் தடுக்க வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவதை விட நல்ல வழி, உள்ளே போய் உட்காருவது. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் தேர்தல் அலுவலர்களாக வேலை செய்பவர்கள் நம் அக்கம்பக்கத்துக்காரர்கள்தான். இரண்டு கட்சித் தரப்பிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கொஞ்சம் பயிற்சி, கொஞ்சம் சம்பளம், விடியற்காலை ஐந்து மணி முதல் எண்ணி முடிக்கும் வரை வேலை. வசந்த காலத்திலேயே கவுண்டி அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். முடியாதவர்கள் கட்சியின் பார்வையாளராகப் போகலாம், அதற்குக் கட்சி தரும் கடிதம் வேண்டும்.

ஸ்கேனர் நாடாவில் வரும் எண்ணிக்கையை என் கண்ணால் பார்த்து, மற்ற கட்சிக்காரருடன் சேர்ந்து கையெழுத்திட்ட ஒருவனாகச் சொல்கிறேன், பட்டியலில் கையெழுத்திட்டவர் எண்ணிக்கையும் சீட்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகும் வரை யாரும் வீட்டுக்குப் போவதில்லை. 'எல்லாம் முன்னாடியே முடிவாகிவிட்டது' என்று நம் ஆட்களிடம் பரப்புகிறவர், நல்லெண்ணத்தில் செய்தாலும், நம் ஓட்டைத்தான் குறைக்கிறார்.

அக்டோபரில் இந்தியாவில் இருப்பேன். என்ன செய்வது?

கிளம்பும் முன் நேரில் போட்டுவிடுவது முதல் வழி. செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்கு முன்பே விமானம் ஏறுகிறீர்கள் என்றால், வெளிநாட்டில் இருக்கும் குடிமக்களுக்கான கூட்டாட்சி விண்ணப்பத்தை நிரப்பி அனுப்புங்கள். சீட்டு 45 நாள் முன்பே மின்னஞ்சலில்கூட வரும். அச்சிட்டு நிரப்பித் தபாலில் அனுப்ப வேண்டும், சென்னையிலிருந்து தபால் வந்து சேரும் நாளைக் கணக்குப் போட்டு அனுப்புங்கள்.

உள்ளூரில் இருந்துகொண்டே தபால் ஓட்டுக் கேட்பவர்களுக்கு விண்ணப்பக் கடைசி நாள் தேர்தலுக்கு 11 நாள் முன்பு, அதாவது அக்டோபர் 22. உறையில் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நாலு இலக்கமும் பிறந்த ஆண்டும் எழுத மறந்தால் சீட்டுத் தள்ளுபடியாகலாம். பிளாக்ஸ்பர்கிலும் சார்லட்ஸ்வில்லிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லுங்கள்.

அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது, நிற்கவும் முடியாது.

அவர்கள் குடிமக்கள் என்றால் தைரியமாக அழைத்துப் போங்கள். ஆங்கிலம் படிக்க முடியாதவர், பார்வைக் குறைவு உள்ளவர், உடல்நலம் இல்லாதவர் தமக்கு விருப்பமான ஒருவரை உதவிக்கு உள்ளே அழைத்துச் செல்லலாம். கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டமே தரும் உரிமை அது. உதவுபவர் அவருடைய முதலாளியாகவோ தொழிற்சங்கப் பிரதிநிதியாகவோ இருக்கக்கூடாது, மகன் மகள் தாராளமாக உதவலாம். ஒரு சிறு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 65 வயது தாண்டியவர்களும் உடல் ஊனம் உள்ளவர்களும் காரை விட்டு இறங்கவே வேண்டாம், அலுவலர் சீட்டைக் காருக்கே கொண்டுவருவார்.

அம்மா வேறு யாருக்காவது போடச் சொன்னால் அதற்கே போட்டுவிட வேண்டும். ஓட்டு அவர்களுடையது.

ஜூன் மாதப் பிரைமரிக்கும் போக வேண்டுமா?

அவசியம் போங்கள். கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அது, வழக்கமாக ஜூன் மூன்றாவது செவ்வாய்க்கிழமை நடக்கும். கட்சிப் பதிவு இல்லாததால் யாரும் போகலாம், ஒரே நாளில் ஒரு கட்சியின் பிரைமரியில் மட்டும்தான் ஓட்டு. வருகிறவர்கள் மிகவும் குறைவு. நவம்பரில் ஜெயிக்க முடியாத ஒருவரைச் சில ஆயிரம் பேர் நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று குறைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் ஜூனில் தலை காட்டாதவர்கள். நல்ல வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டு ஜூன் ஓட்டு.

பள்ளி வாரியத்துக்கு நிற்பவர்களில் யார் நம்மவர் என்று சீட்டைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது?

தெரியாது. வர்ஜீனியாவில் உள்ளூர்ப் பதவிகளுக்கு நிற்பவர் பெயருக்குப் பக்கத்தில் கட்சி அச்சிடுவதில்லை. கட்சிக்கு மொத்தமாக ஒரே கோடு போட்டுவிட்டு வரும் வசதியும் இல்லை, ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். அதனால் மேலே இரண்டு பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டு போனவர்கள் கீழே வந்ததும் விட்டுவிடுகிறார்கள், அல்லது பெயர் கேட்ட மாதிரி இருக்கிறது என்று போட்டுவிடுகிறார்கள். வாசலில் கட்சித் தொண்டர்கள் மாதிரிச் சீட்டுத் தருவார்கள், அதை வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். அதை விட, இரண்டு வாரம் முன்பே உங்கள் முகவரிக்கான மாதிரிச் சீட்டை இணையத்தில் எடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பிப் பாருங்கள். பின்பக்கத்தையும் திருப்புங்கள், பள்ளிக்கும் சாலைக்கும் கடன் பத்திரம் வெளியிடலாமா என்ற கேள்வி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கீழே இருக்கும் இந்தப் பெயர்களுக்கு எவ்வளவு சக்தி என்பதற்கு டிஜே பள்ளியின் கதையை விட நல்ல உதாரணம் இல்லை. தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி, நம் வீடுகளில் ஆறாம் வகுப்பிலிருந்தே அந்தப் பேச்சுத்தான். 2020 அக்டோபரில் ஃபேர்ஃபாக்ஸ் பள்ளி வாரியம் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டது. டிசம்பரில் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத இடம் ஒதுக்கியது. அடுத்த சேர்க்கையில் ஆசிய மாணவர்களின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54க்கு இறங்கியது. இதுவரை அந்தப் பள்ளிக்குப் பிள்ளை அனுப்பாத பகுதிகளுக்கு வாய்ப்புக் கிடைத்தது என்பது வாரியத்தின் வாதம். அந்தப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு வேண்டும் என்பதில் எனக்கும் மாறுபாடில்லை, ஆரம்பப் பள்ளியிலேயே கணக்குச் சொல்லிக்கொடுத்து அவர்களை ஏற்றிவிட்டிருக்கலாம் என்பேன். தேர்வையே எடுத்தது, இரவெல்லாம் உட்கார்ந்து படித்த பிள்ளைகளுக்குச் செய்த அநியாயம்.

பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். 2022 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 2023 மே மாதம் மேல்முறையீட்டில் தோற்றார்கள், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. ஏறத்தாழ மூன்று வருஷம் நீதிமன்றத்தில் அலைந்தும் மாற்ற முடியாத அந்த முடிவை எடுத்தவர்கள் 12 பேர் கொண்ட ஒரு வாரியம். அந்த வாரியத்தின் எல்லா இடங்களுக்கும் 2023இல் தேர்தல் நடந்தது, அடுத்தது 2027இல். வழக்குச் செலவுக்கு நன்கொடை கொடுத்த நம் குடும்பங்களில் எத்தனை பேர் 2023இல் பள்ளி வாரியத்துக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். பதில் சொல்லாமல் பேச்சை மாற்றியவர்களே அதிகம்.

வேட்பாளர் வீட்டுக்கு வந்தால் என்ன கேட்கலாம்?

'நீங்கள் வரியைக் குறைப்பீர்களா' என்று பொதுவாகக் கேட்காதீர்கள், எல்லோரும் ஆம் என்பார்கள். கார் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம் கில்மோர் 1997இல் 'கார் வரி இல்லை' என்ற ஒரே முழக்கத்தில் ஆளுநரானார். கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்தும் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். வரியை வசூலிப்பது கவுண்டி, அதில் ஒரு பகுதியை ஈடுகட்ட மாநிலம் ஆண்டுக்கு 95 கோடி டாலர் தருகிறது, அந்தத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. எனவே கேட்க வேண்டிய கேள்வி, 'கார் வரியை எடுத்தால் கவுண்டிக்கு ஏற்படும் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவீர்கள்?' நம் கட்சி வேட்பாளரிடமும் இதையே கேளுங்கள். திணறினால் பரவாயில்லை, அடுத்த முறை படித்துவிட்டு வருவார்.

லவுடன்காரர்கள் டேட்டா சென்டர் பற்றிக் கேட்கலாம். அவற்றிலிருந்து வரும் வரியால்தான் நம் வீட்டு வரி குறைவாக இருக்கிறது. ஆனால் மின்கம்பிக் கோபுரமும் மின்கட்டணமும் நம் தலையில் ஏறுவதைப் பற்றி அவர் நிலை என்ன?

கருக்கலைப்பு பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள், சுற்றி வளைக்காத பதிலை எதிர்பாருங்கள். யங்கின் 2023இல் 15 வார வரம்பை முன்வைத்து இரண்டு அவைகளையும் கேட்டார், வாக்காளர்கள் தரவில்லை. அரசியலமைப்புத் திருத்தம் என்றால் சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்ற வேண்டும், நடுவில் ஒரு ஹவுஸ் தேர்தல் வந்திருக்க வேண்டும், பிறகு மக்கள் ஓட்டு. கருக்கலைப்பையும் உரிமையாக்கும் இனப்பெருக்க உரிமைத் திருத்தம் 2025இலும், நவம்பர் தேர்தல் முடிந்து 2026 ஜனவரியிலும் சட்டமன்றத்தில் நிறைவேறிய வழி அதுதான். அந்த வழியின் நடுவில் நின்ற தேர்தலில்தான் நம்மில் பலர் வீட்டில் இருந்தார்கள். உயிர் புனிதம் என்று நம்புகிற குடும்பங்களுக்கு இது எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும்.

எதிர்க்கட்சியில் இந்தியர் ஒருவர் நின்றால்? நம்ம ஆளை விட்டுக்கொடுப்பதா?

சுஹாஸ் சுப்பிரமணியம் 2019இல் ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸுக்கும், 2023இல் செனட்டுக்கும், 2024இல் காங்கிரஸுக்கும் லவுடன் பக்கமிருந்து டெமாக்ரட்டாகத் தேர்வானார். ஹைதராபாத்தில் பிறந்த ஹாஷ்மி துணை ஆளுநர். நம்மைப் போலக் குடியேறி வந்த குடும்பங்களிலிருந்து இவ்வளவு தூரம் போனதில் எனக்கும் பெருமைதான், நேரில் பார்த்தால் கை குலுக்கி அதைச் சொல்லவும் செய்வேன். ஆனால் ஓட்டு, சட்டமன்றத்தில் அவர் எந்தப் பொத்தானை அழுத்துவார் என்பதற்கு. எந்த மசோதாவில் யார் எப்படி ஓட்டளித்தார்கள் என்பது முழுதும் சட்டமன்ற இணையதளத்தில் இருக்கிறது. ஊர், சாதி, மொழி பார்த்து ஓட்டுப் போடுவதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம் என்று சொல்லிக்கொள்கிறோம் இல்லையா?

அப்புறம், நம் பக்கத்திலும் நம்மவர்கள் நிற்க வேண்டும். கட்சிக் கூட்டத்துக்கு வேட்டியும் புடவையும் போகாத வரை அது நடக்காது.

கோயிலிலும் தமிழ்ச் சங்கத்திலும் பிரசாரம் செய்யலாமா?

செய்ய வேண்டாம். வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளைகள் வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது, நம் தமிழ்ப் பள்ளிகளும் சங்கங்களும் பெரும்பாலும் அந்த வகைதான். கட்சி சாராமல் வாக்காளர் பதிவு முகாம் நடத்தலாம், இரண்டு தரப்பு வேட்பாளர்களையும் அழைத்து மேடை போடலாம். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் துண்டறிக்கை போடாதீர்கள், தனியாக ஒரு குழு தொடங்குங்கள். பொங்கல் பந்தியில் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் வேறு பக்கம். என்ன செய்வது?

அவர்களையும் காரில் ஏற்றிக்கொண்டு போங்கள். எங்கள் வீட்டில் மகளுடைய ஓட்டு என்னுடையதை அடித்துவிடும். அவளுடன் உட்கார்ந்து பேசியதில்தான் என் காரணங்களை எனக்கே சரியாகச் சொல்லத் தெரிந்தது.

தேர்தல் நாளன்றுதான் போவேன் என்பவர்களுக்கு?

காலை 6 முதல் இரவு 7 வரை. ஏழு மணிக்கு வரிசையில் நின்றுவிட்டால் எவ்வளவு நேரமானாலும் ஓட்டு உண்டு, வரிசையை விட்டு விலகாதீர்கள். வேட்பாளர் பெயர் போட்ட தொப்பியும் டீஷர்ட்டும் உள்ளே கூடாது. வாசலிலிருந்து 40 அடிக்குள் பிரசாரம் கூடாது, எந்தக் கட்சிக்காரர் மீறினாலும் அலுவலரிடம் சொல்லுங்கள், நீங்களே சண்டைக்குப் போகாதீர்கள்.

பெயர் இல்லை என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். முகவரி மாறியதால் வேறு சாவடியில் இருக்கலாம், முதலில் அதைக் கேளுங்கள். எங்குமே இல்லை என்றால், 2022 அக்டோபரிலிருந்து அன்றைக்கே பதிவு செய்து தற்காலிகச் சீட்டில் ஓட்டுப் போட முடிகிறது. அதை உறையில் போட்டுத் தனியாக வைப்பார்கள், தகுதி சரிபார்த்த பிறகே எண்ணுவார்கள். கையில் ஒரு தாள் தருவார்கள். ஏதாவது ஆவணம் குறைகிறது என்று அதில் இருந்தால் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தத் தாளைக் காரில் போட்டுவிட்டு மறந்துவிடாமல், அன்றிரவே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தில் மாட்டிவையுங்கள்.